அதுவா, நானா?

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். அண்ணியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் காதைப் பற்றிக் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் உனக்குக் கேட்காது. நாற்பது வருஷம் லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றவனோடு ஃபோனில் பேசுவதற்குச் சுவரோடு பேசலாம். அதனால்தான் இந்த வயதிலும் நாம் இரண்டு பேரும் தபால்காரருக்கு வேலை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் மகன் போன வாரம் வந்து இரண்டு நாள் தங்கி என் வீட்டை 'ஸ்மார்ட்' ஆக்கிவிட்டுப் போனான். மொத்தம் ஏழு டப்பா, எல்லாம் அவன் கம்பெனிச் சாமான். ஒவ்வொன்றும் அவ்வளவு அழகு, தூக்கிப்போட மனசு வரவில்லை. "அத்தை, டப்பா டிசைன் பண்ற பிரிவுலதான் நான் இருக்கேன்" என்று பெருமையாகச் சொன்னான். உள்ளே இருப்பது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். "அது வேற பிரிவு அத்தை" என்றான்.

காலையில் "கிளம்புறேன்" என்று சொன்னால் எல்லா விளக்கும் அணைந்து கதவும் பூட்டிக்கொள்ளும். மாலையில் மருந்துக்கடை முடிந்து வந்து "வந்துட்டேன்" என்றால் ஹால் விளக்கு எரியும், கெட்டிலில் தண்ணீர் சூடாகும். ராத்திரி எட்டு மணிக்கு ஸ்பீக்கர் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கும், பிரஷர் மாத்திரையை. ஊருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஞாபகப்படுத்த ஒரு டப்பா தேவைப்படுகிறது பார். ஆனாலும் தனியாக இருக்கிற வீட்டில் யாரோ கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது.

"ஒப்புக்கொள்கிறேன்" என்று இருபது தடவை அழுத்தினேன். எதை ஒப்புக்கொண்டேன் என்று தெரியவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்தையே நான் விடாமல் வாசிப்பேன். இதை என்னால் முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பா


பிப்ரவரி 26

பாப்பாவுக்கு,

இங்கே இருவரும் நலம். அண்ணியின் முட்டி மழையை முன்கூட்டியே சொல்கிறது, அதற்குப் பாஸ்வேர்டு எதுவும் வேண்டியதில்லை. நீ இளைத்துவிட்டதாக மகன் சொன்னான். நேரத்துக்குச் சாப்பிடு.

எங்கள் வீட்டிலும் அதே ஏழு டப்பாதான். எனக்கு இந்தக் கம்பெனிகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. லிஃப்டில் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் லிஃப்ட் வரும், வராவிட்டால் நான் வருவேன். உலகம் இவ்வளவுதானே? இவர்கள் பல்பு வாங்கியவனிடம் பிறந்த தேதி கேட்கிறார்கள். வாங்கிய பிறகும் பொருள் அவர்களுடையதுதான், நாம் ஏதோ குடிவந்தவர்கள் மாதிரி. நாளைக்குக் கம்பெனியை இழுத்து மூடினால் என் கதவு யார் பேச்சைக் கேட்கும் என்று மகனைக் கேட்டேன். "நல்ல கேள்விப்பா" என்றான். பதில் வேறு பிரிவில் இருக்கிறது போலிருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. மாலை ஆறே காலுக்கு எங்கள் ஹால் விளக்கு தானாக எரிகிறது. கெட்டில் கொதிக்கிறது. நான் வேலை முடிந்து வருவதே ஏழுக்கு மேல். உன் அண்ணியைக் கேட்டால் "நீங்கதான் போட்டுட்டு மறந்திருப்பீங்க" என்கிறாள். நான்தான் வீட்டிலேயே இல்லையே என்றால் "அதையும் மறந்துட்டீங்க பாருங்க" என்கிறாள்.

உன் பிரஷரைக் கவனி. பதில் போடு.

அண்ணா


மார்ச் 17

அன்புள்ள அண்ணா,

இங்கே ஊரே தும்மிக்கொண்டிருக்கிறது, கடையில் நிற்க இடமில்லை. எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. நீங்கள் இருவரும் நலம்தானே?

வேடிக்கை உன் வீட்டில் மட்டுமில்லை. காலை ஏழரைக்குத் தலை சீவிக்கொண்டிருப்பேன், விளக்கு பட்டென்று அணையும். கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால் எதிர்வீட்டில் எரிகிறது. நானேதான் ஏதாவது சொல்லி அணைத்திருப்பேன். தனியாக இருக்கிறவள் தனக்குள் முணுமுணுப்பது சகஜம்தானே.

செவ்வாய்க்கிழமை காலை குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்த் திரும்பி வந்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்கும் ஃபோன் உள்ளே. கீழ்வீட்டுத் தையற்காரம்மா வந்து, ஜன்னல் கம்பி வழியாக அளவுக் குச்சியை விட்டு மேஜையிலிருந்த ஃபோனை இழுத்துக் கொடுத்தார். "உங்க வீடே உங்களை வெளிய தள்ளிடுச்சே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் பூட்டச் சொன்னேனா இல்லையா என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது.

உன் மகனிடம் சொல்லிவிடாதே. ஆசையாக மாட்டிக் கொடுத்திருக்கிறான். அண்ணிக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தடவச் சொல்.

பாப்பா


ஏப்ரல் 8

பாப்பாவுக்கு,

தைலம் வந்தது, முட்டிக்குப் பரவாயில்லை. இப்போது வீடே தைலப் புட்டி மாதிரி மணக்கிறது. உன் பிரஷர் எவ்வளவு என்று எழுத மறந்துவிட்டாயே.

எட்டு மணி ஆனால் ஸ்பீக்கர் என்னையும் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்கிறது. உன் வீட்டில் கேட்பதாக எழுதியிருந்தாயே, அதே கேள்வி. வயதானவர்களைப் பார்த்தால் எல்லோரிடமும் கேட்கும்படி செய்திருக்கிறார்கள். பிறந்த தேதியை வாங்கியது இதற்குத்தான். நான் எந்த மாத்திரையும் போடுவதில்லை. ஆனால் உன் அண்ணி, "அது ஒண்ணும் தெரியாமலா கேக்கும்?" என்று தினமும் ஒரு வைட்டமின் மாத்திரையை வாயில் திணிக்கிறாள்.

கம்பெனிக்குப் புகார் எழுதினோம். பதில் எழுதியது ஆளா மெஷினா தெரியவில்லை. "உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்" என்று நான்கு முறை வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

சிரிப்பு இருக்கட்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, பாப்பா. அப்பாவுக்கு எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும். அறுபது வயதில், போட்ட சுவிட்சைப் போடவில்லை என்றார், போடாததைப் போட்டேன் என்றார். இரண்டே வருஷத்தில் உன்னைப் பார்த்து யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். எனக்கு இப்போது அறுபத்தொன்று. நான் பிரேக் பார்த்துக் கொடுக்கும் லிஃப்டில் குழந்தை குட்டியோடு ஜனங்கள் ஏறுகிறார்கள். இப்போதெல்லாம் நான் பார்த்த பிரேக்கை இன்னொரு மெக்கானிக்கையும் பார்க்கச் சொல்கிறேன்.

உனக்கும் ஐம்பத்தேழு ஆகிறது. அந்த மாதிரி ஏதாவது உண்டா? என்னிடம் மறைக்காதே.

அண்ணா


மே 19

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது, கடையில் ஆள் குறைவு. நான் நலம். பிரஷர் நூற்று முப்பது. அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

எனக்கு ஒன்றும் இல்லை. அப்பா பேச்சை இப்போது எடுக்க வேண்டாம்.

உன்னைத்தான் கேட்கிறேன். ஒரு அறைக்குள் போய் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறாயா? தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியிலேயே நின்றுவிடுகிறதா? வாடிக்கையாளர் ஒருவரிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டு, அவர் உன்னை ஒரு மாதிரி பார்க்கிறாரா? நரம்பு டாக்டரைப் போய்ப் பார். மறதி என்றாலே அப்பாவுக்கு வந்ததுதான் என்று இல்லை. தைராய்டாக இருக்கலாம், வைட்டமின் குறைவாக இருக்கலாம், தூக்கம் போதாமல் இருக்கலாம். இதைப் பற்றி நிறையப் படித்தேன். உனக்காகத்தான்.

சோதனையில் என்னென்ன கேட்டார்கள் என்று விவரமாக எழுது.

பாப்பா


ஜூன் 1

பாப்பாவுக்கு,

நலம். இந்தத் தடவை டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். நீ எப்படி இருக்கிறாய்?

நாற்காலி, ஆறு, சட்டை என்று மூன்று சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன். "உங்களுக்கு மறதி இல்ல. காதுதான் கேக்கல" என்றார். அந்த மூன்று சொல்லையும் அவர் மூன்று தடவை கத்தியதில் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

சரி, மூளை சரியாக இருக்கிறது என்றால் ஆறே காலுக்கு என் வீட்டில் விளக்கைப் போடுவது யார்? முன்னைவிட இப்போதுதான் அதிகமாகக் குழம்புகிறேன். மகனை வரச் சொன்னேன். கதவைத் திறந்தால் பேசுகிற ஃபிரிட்ஜ் ஒன்று வரப்போகிறதாம், அதற்கு டப்பா செய்துகொண்டிருக்கிறான். அடுத்த மாதம் வருகிறேன் என்றான்.

ஒன்று கேட்க வேண்டும். வாடிக்கையாளர் என்று எழுதியிருந்தாய். லிஃப்டைத் தவிர எனக்கு வாடிக்கையாளர் ஏது? நீ யாரை நினைத்து எழுதினாய்?

அண்ணா


ஜூன் 22

அன்புள்ள அண்ணா,

உனக்கு ஒன்றும் இல்லை என்பதைப் படித்து மனசு குளிர்ந்தது. அண்ணியும் சுகம்தானே. நானும் சுகம்.

இந்தச் சாமான்களைப் பற்றி நீ எழுதியது அத்தனையும் சரி. போன வாரம் கடையிலிருந்து வந்து பார்த்தால் வாசல் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. ஹால் விளக்கு பகல் முழுக்க எரிந்திருக்கிறது. மறுநாள் கெட்டில் தண்ணீர் வற்றி அடி கருகிப்போயிருந்தது, வீடெல்லாம் நாற்றம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்றானாம். அந்தக் கதைதான் என் கதை. நல்லா இருக்கிற வீட்டைக் கெடுப்பதற்கு ஒரு கம்பெனி, அதற்கு ஒரு அழகான டப்பா. மனிதர்களைப் பைத்தியமாக்கத்தான் இதையெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள். நான் பூட்டிவிட்டுத்தான் போனேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் இல்லை, அண்ணா, அதுதான்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

பாப்பா


ஜூலை 8

பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம், நலத்துக்கு மேலே நலம். நீ நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படி.

கண்டுபிடித்துவிட்டோம். நேற்று மகன் வந்தான். ஊழியரின் குடும்பத்துக்கு ஒரே ஒரு வீட்டுக்குத்தான் கம்பெனி இலவசமாகக் கொடுக்குமாம். நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? உன் வீட்டையும் என் வீட்டையும் சேர்த்து ஒரே வீடு என்று பதிந்து வைத்திருக்கிறான். நீ எங்கள் வீட்டு மாடியாம். நடுவே ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டும், கம்பெனி கணக்கில் அது பதினெட்டுப் படி.

நான் காலை ஏழரைக்கு "கிளம்புறேன்" என்றதும் இங்கே விளக்கு அணைந்ததோடு நீ தலை சீவும் விளக்கும் அணைந்திருக்கிறது. உன்னைக் குப்பைக் கூடையோடு வெளியே நிறுத்திப் பூட்டியது நான்தான். நீ ஆறே காலுக்கு "வந்துட்டேன்" என்றதும் நான் இல்லாத என் வீட்டில் வெந்நீர் போட்டிருக்கிறாய். உன் பிரஷர் மாத்திரைக்காக நான் மூன்று மாதம் வைட்டமின் தின்றிருக்கிறேன். "டப்பா நல்லா பண்ணியிருந்தேனேப்பா" என்றான் மகன்.

பிறகு தனியாகப் போய் உட்கார்ந்து அழுதேன். உனக்கு ஒன்றும் இல்லை, பாப்பா. எனக்கும் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு வந்தது அப்பாவோடு போய்விட்டது. இரண்டு வீட்டையும் பிரிக்கச் சொல்லிவிட்டேன். உடனே ஒரு வரியாவது எழுது.

அண்ணா


ஜூலை 27

பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் அஞ்சலட்டை வந்தது. "சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, நிம்மதி" என்று எழுதியிருந்தாய். உன் கையெழுத்தைப் பார்த்தால் சிரித்தவள் எழுதிய மாதிரி இல்லை.

வீடுகளைப் பிரிக்கும்போது மகன் கம்பெனியின் பதிவைப் பார்த்தான். உன் வீட்டுச் சாமான் ஏழும் ஜூன் 4ஆம் தேதியிலிருந்து இணைப்பிலேயே இல்லையாம். நீ கதவு திறந்து கிடந்ததாகவும் கெட்டில் கருகியதாகவும் எழுதியது ஜூன் 22.

லிஃப்டில் பத்துப் புகார் வந்து, தேடிப்போய் ஒரு பழுதைக் கண்டுபிடித்தால், அந்த ஒன்று பத்துக்கும் பதில் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூடியைத் திருகுவேன். சந்தோஷத்தில் இந்தத் தடவை அவசரப்பட்டுத் திருகிவிட்டேன். தப்பு என்னுடையது.

நீ எதை எழுதினாலும் நான் உன் அண்ணன்தான். என்ன நடந்தது?

அண்ணா


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதைச் சொல்கிறேன்.

ஜூன் 4ஆம் தேதி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். பழைய பூட்டையே மாட்டச் சொன்னேன். ஒரு புது மருந்து சாப்பிட்ட பிறகு உடம்பு அரித்தால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள் என்றுதான் முப்பத்தொரு வருஷமாக எல்லோருக்கும் சொல்கிறேன். அதே வழிதான். அதுவா, நானா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கழற்றி இரண்டு வாரத்துக்குள் கதவு திறந்து கிடந்தது. அதற்கு மறுநாள் கெட்டில். தெரிந்துகொண்டுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். கம்பெனியைத் திட்டத் திட்டக் கொஞ்ச நேரம் நானே அதை நம்பினேன். உன் ஜூலைக் கடிதம் வந்தபோது, நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்ததைக் கெடுக்க மனசு வரவில்லை.

ஆனால் இதற்குமேல் மறைக்க முடியாது. போன வாரம் ரொட்டிக்கடைக்காரம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரையில் எழுதிய அளவைவிட இரண்டு மடங்கு அளவுள்ள அட்டையைக் கொடுத்துவிட்டேன். மாத்திரையின் நிறம் வேறாக இருக்கிறதே என்று அவரே திருப்பிக் கொண்டுவந்தார், அதனால் பிழைத்தார். என் கடையில் ஸ்பீக்கர் எதுவும் இல்லை, அண்ணா.

முதலாளியிடம் நானே சொன்னேன். ஒரு வாரம் ஓய்வெடுங்கள் என்றார். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை கவுண்டரில் நிற்கமாட்டேன் என்று மருந்து அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். தைராய்டாகக்கூட இருக்கலாம், தெரியும். ஆனாலும் டாக்டரிடம் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது. நீ வா.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

பாப்பா


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். அண்ணியின் முட்டி எப்படி இருக்கிறது?

"என்ன நடந்தது?" என்று நீ கேட்டிருந்த கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்பது இன்று காலைதான் ஞாபகம் வந்தது. ஒரு வாரத்துக்கு மேலாக மேஜைமேலேயே இருக்கிறது. மன்னித்துக்கொள். வேண்டுமென்றுதான் தள்ளிப்போட்டேனோ என்னவோ, ஏனென்றால் உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இப்போது துணிந்து சொல்கிறேன்.

அந்தச் சாமான்களையெல்லாம் ஜூன் மாதமே கழற்றிவிட்டேன். அதுவா, நானா என்று பார்க்கத்தான். பார்த்துவிட்டேன். கடையில் ஒரு அம்மாவுக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், நல்லவேளை, அவரே கவனித்துவிட்டார். சாவியை முதலாளியிடம் கொடுத்தாகிவிட்டது. இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் தவித்தேன். எழுதிய பிறகுதான் பாரம் இறங்குகிறது.

டாக்டரிடம் போக வேண்டும். உன்னால் முடிந்தால் வா. முடியாவிட்டாலும் பரவாயில்லை.

பாப்பா


ஆகஸ்ட் 16

பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பை நேரில் வந்து விசாரிக்கிறேன்.

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, பெட்டியில் இன்னும் இரண்டு புடவை சேர்த்து வைத்தாள். டிக்கெட் எடுத்து நாலு நாளாகிறது. சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவோம். திங்கட்கிழமை டாக்டரைப் பார்ப்போம், நானும் உள்ளே வருவேன். இரண்டு மாதம் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், போதாவிட்டால் மேலும் எழுதுவேன்.

சாவியை நீயே கொடுத்தாயே, அதற்குப் பெரிய மனசு வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது. பிரேக்கை இன்னொருவனைப் பார்க்கச் சொன்னேனே தவிர, நான் வேலையை விடவில்லை. எனக்கு அழுகை வருகிறது, அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

பதில் போட மறந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தாய். நீ எதையும் மறக்கவில்லை, பாப்பா. எனக்கு இந்த ஒரு கடிதம்தான் வந்தது, சரியான நேரத்துக்கு வந்தது.

அண்ணா